விட்டத்துக்குக் கீழே மூன்று பெண்கள்

ஒரே வீடு ஒரே மாதத்தில் கோட்டையாகவும் குட்டிச்சுவராகவும் இருக்க முடியுமா? முடியும். இரண்டையும் நான்தான் நாடா பிடித்து அளந்தேன்.

எங்கள் ஓய்வுபெற்ற ஓவர்சியர்கள் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பெண்கள் வந்து கேட்டார்கள். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது. நியாய வாடகை நிர்ணயிக்க வீடு வீடாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தவர்கள் உண்டா என்று அவர்களுக்கு ஒரே ஆச்சரியம். உண்டு. அதிலும் போடிநாயக்கனூரில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணி ஏறியவள் நான் ஒருத்திதான். என்னைப் பேசச் சொன்னால் நிறுத்த மாட்டேன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேட்டது அவர்கள் தப்பு.

ராசிங்காபுரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம், கிணறு. அப்பாவுக்கு என்னை டீச்சராக்க ஆசை. எனக்கோ, ஊரில் எங்கே வீடு கட்டினாலும் போய்க் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற புத்தி. மதுரையில் பாலிடெக்னிக், கொஞ்ச நாள் சாலை வேலை, அப்புறம் கட்டடப் பிரிவு. எழுபதுகளின் நடுவில் போடிக்கு வந்தேன். வாரத்தில் இரண்டு நாள் என்னை வாடகை வழக்குகளுக்காக அனுப்பிவைப்பார்கள். மற்ற ஓவர்சியர்கள் அந்த வேலையைக் கண்டாலே ஓடினார்கள். அளந்து முடித்தால் இரண்டு தரப்பிலும் திட்டுதான் மிஞ்சும். நான் அடித்துப் பிடித்து வாங்கிக்கொண்டேன். அடுத்தவர் வீட்டுக்குள் அடுப்படி வரை போய், 'இந்தச் சுவர் எப்போது கட்டியது' என்று அதிகாரமாகக் கேட்க வேறு எந்த வேலையில் முடியும்?

சட்டம் எளிமையானது. வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்றக் கூடாது, இஷ்டத்துக்குக் குடித்தனக்காரரை வெளியே அனுப்பவும் கூடாது. வாடகை போதாது என்றோ அதிகம் என்றோ நினைப்பவர் மனுப் போடலாம். அப்போது கட்டடத்தின் பரப்பு, தரம், வயது, தேய்மானம், மனையின் மதிப்பு, வசதிகள் எல்லாவற்றையும் பார்த்து நியாய வாடகை என்று ஒன்றை நிர்ணயிப்பார்கள்.

குழாய், மின்விசிறி, கழிப்பறை எல்லாம் வசதிக் கணக்கில் வரும், வாடகையைக் கொஞ்சம் ஏற்றும். ஒரு குடித்தனக்காரர் நான் வருகிறேன் என்று தெரிந்து குழாயைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, "தண்ணி வசதியே கிடையாதும்மா, தெருக்கோடிக்குப் போய்த்தான் எடுக்கணும்" என்று பாவமாகச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்கும் நகராட்சி தண்ணீர் விடுவதற்கும் சரியாக இருந்தது. மொட்டைக் குழாயிலிருந்து பீய்ச்சி அடித்த தண்ணீரில் இரண்டு பேரும் நனைந்தோம். அவரே சிரித்துவிட்டு, "எழுதிக்கங்க" என்றார்.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வருஷங்களில் ஏலக்காய் விலை ஏறிக்கொண்டே இருந்தது. மலையிலிருந்து காய் இறங்க இறங்க ஊருக்குள் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வியாபாரிகள், ஜீப்பு ஓட்டுகிறவர்கள், காயைத் தரம் பிரிக்கும் பெண்கள் என எல்லோருக்கும் வீடு வேண்டும். வீடும் இருந்தது, ஆனால் பூட்டுத் தொங்கியது. தோட்டக்காரர் ஒருவருக்கு ஒரே தெருவில் மூன்று வீடுகள். மூன்றுக்கும் பூட்டு. அவரிடம் வாய்விட்டே கேட்டேன்.

"ஏண்ணே, மூணையும் பூட்டி வச்சிருக்கீங்க. வாடகைக்கு விடலாம்ல?"

"பூட்டு வாடகை தராது, வாஸ்தவந்தான் ஆத்தா. ஆனா நான் வேணும்ங்கிறப்ப தொறந்துக்கிரும். குடித்தனக்காரன் தொறப்பானா?"

வாடகையை ஏழைக்குக் கட்டுப்படியாக வைக்க வந்த சட்டத்தால் வீடே வாடகைக்கு வராமல் போனது. வந்த சில வீடுகளுக்கும் ரசீதில் சின்ன வாடகை, மறைவில் 'பகடி' என்று பெரிய தொகை. பகடி கொடுக்கச் சக்தி உள்ளவர் வியாபாரி. அவர் வீட்டுக்குள் ஏலக்காய் மூட்டையைக் குடிவைப்பார். ஆனால் அதே சட்டம் இல்லாதிருந்தால், நான் அளந்த வீடுகளில் பாதிப் பேர் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். அவர்களுடைய அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தவள் நான். அதனால் அந்தச் சட்டத்தைத் திட்டவும் மாட்டேன், தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடவும் மாட்டேன்.

இனி நடுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாடகை வழக்குகளை விசாரித்தவரை நாங்கள் நடுவர் ஐயா என்போம். ஒல்லியான மனிதர். வக்கீல்கள் பேசும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். ஓவர்சியர் அறிக்கை வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வார். கையில் ஒரு சிவப்புப் பென்சில். அறிக்கையைச் செய்தி வாசிக்கிற மாதிரி எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். ஏதாவது வர்ணனை வந்தால் நின்றுவிடுவார்.

"'பாழடைந்த சுவர்'னு எழுதியிருக்கீங்க ஓவர்சியரம்மா. எத்தனை அங்குலம் பாழ்?"

முதல்முறை எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. திரும்பப் போய் அளந்துகொண்டு வந்தேன். அடுத்த முறை 'நல்ல மரம்' என்று எழுதி மாட்டிக்கொண்டேன். "நல்லதுன்னா என்ன மரம், எத்தனை கனம், எங்கே குத்திப் பார்த்தீங்க?" மூன்றாவது அறிக்கையில் வர்ணனையே இல்லை. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அன்று வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, பறந்துதான் போனேன். அந்தப் பழக்கம் என்னை விடவே இல்லை. என் கணவர் ஊரில் பெரிய மழை என்று சொன்னால்கூட எவ்வளவு பெரிய மழை என்று கேட்டு அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அவர் ஒருமுறை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சட்டம் வாடகையைப் பிடிச்சு நிறுத்தும். கரையானை நிறுத்தாது." இதன் முழு அர்த்தம் பேச்சியம்மாள் வழக்கில்தான் எனக்குப் புரிந்தது.

பேச்சியம்மாளுக்கு மலையில் குரங்கணிப் பக்கம் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம், போடியில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். கணவர் இல்லை. ஒன்றில் அவர் இருந்தார். அவர் வாழ வந்து பிள்ளை பெற்ற பழைய வீட்டில் தங்கமணி வாடகைக்கு இருந்தாள். தங்கமணியின் புருஷன் குரங்கணிப் பாதையில் ஜீப்பு ஓட்டினார். அவள் வீட்டுக் கூடத்தில் காய் தரம் பிரிப்பாள். ரொம்ப வருஷமாக இரண்டு பேரும் மதினி, மதினி என்று ஒருவர் அடுப்பிலிருந்து இன்னொருவர் நெருப்பு வாங்கியவர்கள். வாடகைத் தகராறு கோர்ட்டுக்கு வந்த நாளிலிருந்து பேச்சு நின்றுபோயிருந்தது.

பேச்சியம்மாள் முதலில் நியாய வாடகை மனுப் போட்டார். பழைய வாடகையில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட முடியாது என்பது உண்மைதான். அந்த மனு நிலுவையில் இருக்கும்போதே வக்கீல் இன்னொன்றும் போடச் சொன்னார்: வீடு இடியும் நிலையில் இருக்கிறது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும், குடித்தனக்காரி காலி செய்ய வேண்டும். இடிக்க உத்தரவு கிடைத்தால் தங்கமணி திரும்பி வர வழியில்லை. அவளுடைய மகள் மாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரப்போகிறாள். அந்த வீடு போனால் போடியில் தங்கமணிக்கு வேறு வீடு கிடையாது, பூட்டுத்தான் கிடைக்கும்.

முதல் மனுவுக்காகப் போனேன். பேச்சியம்மாள் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா பாரு ஆத்தா, இந்த விட்டத்தத் தட்டிப் பாரு. கோயில் மணி கணக்கா கேக்கும். எங்க மாமனார் குரங்கணிக்கு மேலருந்து மாட்டக் கட்டி இழுத்துக் கொண்டாந்த மரம்."

தங்கமணி இந்தப் பக்கம் இழுத்தாள். "அவுக சொல்றதக் கேக்காதீகம்மா. இந்த வெடிப்புல கைய விட்டுப் பாருங்க. மழை பேஞ்சா குடை பிடிச்சுத்தான் சோறு பொங்குறேன்."

வீடு மதிப்பாகத் தெரிந்தால் வாடகை ஏறும், கேவலமாகத் தெரிந்தால் இறங்கும். இரண்டு பேரும் அவரவர் பங்குக்கு நன்றாகவே செய்தார்கள். பரப்பு, சுவர்க் கனம் எல்லாம் குறித்துக்கொண்டு வந்தேன்.

சில நாள் கழித்து, இரண்டாவது மனுவுக்காக அதே வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பேச்சியம்மாள் தலையில் கை வைத்தார்.

"இது ஒரு விட்டமா ஆத்தா? பூரா செல்லரிச்சுப் போச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது."

"போன தடவை கோயில் மணின்னு சொன்னீங்களே?"

"அது போன தடவ."

உள்ளே தங்கமணி புதிதாக வெள்ளையடித்து வைத்திருந்தாள். சுவரில் ஒரு முருகன் காலண்டர் என் இடுப்பு உயரத்தில் தொங்கியது. இடுப்பு உயரத்தில் யார் காலண்டர் மாட்டுவார்கள்? தூக்கினேன். பழைய வெடிப்பு பல்லைக் காட்டியது.

"வீடு கல்லு கணக்கா இருக்கும்மா" என்றாள் தங்கமணி, என் முகத்தைப் பார்க்காமல்.

"மழை பேஞ்சா குடை பிடிச்சுச் சோறு பொங்குறேன்னு சொன்னியே?"

"அது... எங்க வீட்டுக்காரரு வெளையாட்டுக்குப் பிடிப்பாரு."

எனக்கு அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அரசாங்க வேலையாக வந்தவள் இப்படிச் சிரிக்கலாமா என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். அப்புறம் வேலையைத் தொடங்கினேன். அது மரக்கட்டைகள் பரப்பி, மேலே செங்கலும் சுண்ணாம்புக் காரையும் போட்ட மச்சு வீடு. கூரையின் பாரம் முழுவதும் கூடத்தின் நடுவே கிழக்கு மேற்காக ஓடிய அந்த ஒரே விட்டத்தின் மேல். ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் முழம் முழமாகத் தட்டிக்கொண்டே போனேன். மரம் கணீரென்றுதான் பேசியது. மேற்குச் சுவரை நெருங்கியதும் சத்தம் மாறியது. பழைய தகரத்தைத் தட்டியது போல் இருந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. மேலே வெடித்த காரை வழியாக வருஷக்கணக்காக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதன் பின்னாலேயே கரையான் வந்திருக்கிறது. அதே திருப்புளி ஒரு முழம் தள்ளிக் குத்தினால் நுனிகூட இறங்கவில்லை.

அழுகல் எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. விட்டம் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நின்று அண்ணாந்து பார்த்தால் எந்த விட்டமும் நேராகத்தான் தெரியும். தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தால்தான் தொய்வு பிடிபடும். ஏணியை விட்டு இறங்கி, முந்தானையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துப் படுத்துவிட்டேன். எனக்கு மேலே நின்றுகொண்டு இரண்டு பேரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், என்னிடம் விழும், விழாது என்று ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு பேரும் வந்து இப்படிப் படுங்க" என்றேன். "படுத்துக்கிட்டுச் சண்டை போடுங்க."

என்ன நினைத்தார்களோ, படுத்துவிட்டார்கள். எனக்கு இந்தப் பக்கம் பேச்சியம்மாள், அந்தப் பக்கம் தங்கமணி. மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். நின்றுகொண்டு பார்க்கிற விட்டம் வேறு, முகத்துக்கு நேர் மேலே கிடக்கிற விட்டம் வேறு. மேற்கு மூலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்தது.

"ஏ தங்கமணி, கண்ண மூடு" என்றார் பேச்சியம்மாள். வழக்குப் போட்ட பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தோம். அப்போதுதான் விட்டத்தின் அடிவிளிம்பில் இரண்டு பள்ளங்களைக் கண்டேன். கயிறு உரசி உரசி வழுவழுவென்று தேய்ந்த தழும்புகள். ஒன்று அடுப்படி வாசல் பக்கம், இன்னொன்று ஜன்னல் பக்கம், பழைய கயிறு ஒன்று இன்னும் தொங்கிய இடத்தில்.

"அது என்னது?" என்று கேட்டேன்.

"அடுப்படிப் பக்கம் இருக்கிறது என்னோடது" என்றார் பேச்சியம்மாள். "எம்மூணு புள்ளைகளுக்கும் அதுலதான் தூளி கட்டுனது. சோறு பொங்கிக்கிட்டே காலால ஆட்டி விடுவேன்."

"ஜன்னல் பக்கம் நான் கட்டுனது" என்றாள் தங்கமணி. "காத்து வரும்னு நீங்கதான மதினி கட்டச் சொன்னீக."

பேச்சியம்மாள், "உம்மகளுக்கு இது எத்தன மாசம்?" என்று மட்டும் கேட்டார். நடுவில் படுத்திருந்த நான் எழுந்தால் அந்தப் பேச்சு கலைந்துவிடும் என்று அசையாமல் கிடந்தேன்.

விசாரணை நாள் வந்தது. நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் முதல் மனு, மறு கையில் இரண்டாவது மனு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசித்தார். "'முதல்தர மரத்தாலான உறுதியான விட்டம்.' 'எந்நேரமும் சரியக்கூடிய விட்டம்.'" அடுத்துத் தங்கமணியின் பதில்கள். "'குடியிருக்கவே லாயக்கற்ற வீடு.' 'பல்லாண்டு நிலைக்கக்கூடிய வீடு.'" வக்கீல்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். கூடம் முழுவதும் சிரிப்பு. நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. என் அறிக்கையை எடுத்தார்.

"எத்தனை அங்குலம் அழுகல்?"

"மேற்கு முனையில் பதினாலு அங்குலம் ஐயா. மிச்சம் முழுக்கத் திடமான மரம். மேற்குச் சுவரைப் பிரித்துக் கட்டி, முனைக்குக் கீழே ஒரு தூண் எழுப்பி, மச்சைத் திரும்பப் போட்டால் போதும்."

"இடிக்கணுமா?"

"வேண்டாம் ஐயா. ஆனா ஆளை வைச்சுக்கிட்டு வேலை செய்ய முடியாது."

சிவப்புப் பென்சில் கீழே போனது. சட்டத்தில் இடிப்பதற்கு ஒரு பிரிவும் பழுது பார்ப்பதற்கு வேறொரு பிரிவும் உண்டு. பழுதுபார்க்கக் காலி செய்தால், வேலை முடிந்ததும் வீட்டைப் பழைய குடித்தனக்காரருக்கே கொடுக்க வேண்டும். அப்படியே உத்தரவானது. வாடகையும் நிர்ணயமானது. பேச்சியம்மாள் கேட்டதைவிடக் குறைவு, தங்கமணி கொடுத்ததைவிட அதிகம். இரண்டு பேரும் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து நடுவர், "அப்ப சரியாத்தான் இருக்கு" என்றார். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

தங்கமணியின் குடும்பம் ஏலக்காய் எடுக்கும் பருவத்துக்குக் குரங்கணி மேலே ஒரு தோட்டத்துக்குப் போனது. எங்கள் பக்கத்தில், வீட்டை விட்டுப்போகவில்லை, மலைக்குத்தான் போகிறோம் என்று காட்ட எதையாவது விட்டுப் போவார்கள். ஒரு பாய், ஒரு செம்பு, அம்மிக்குழவி. தங்கமணி விட்டத்தில் இருந்த பழைய தூளிக் கயிற்றை அவிழ்க்காமல் விட்டுப் போனாள்.

"போனா திரும்ப விடுவாகளாம்மா?" என்று ஜீப்பில் ஏறுமுன் என்னிடம் கேட்டாள். உத்தரவு இருக்கிறது என்றேன். உத்தரவு கையில் இருந்தும் வீடு கிடைக்காமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வருஷத்துக் காயை விற்றுப் பேச்சியம்மாள் வேலையை ஆரம்பித்தார். சுவர் எழும்பியது, தூண் நின்றது. ஒருநாள் கொத்தனார் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தார்.

"சோலி முடிஞ்சிருச்சும்மா. ஆனா ஏலக்கா யாவாரி ஒருத்தரு அந்த வீட்ட கோடவுனுக்குக் கேக்குறாரு. பகடி பெருசாம். இன்னைக்குப் பூட்டுப் போடப் போறாகன்னு பேச்சு."

அலுவலகம், கையெழுத்து எல்லாவற்றையும் மறந்து அந்தத் தெருவுக்கு ஓடினேன். வாசலில் மூட்டைகள் ஏற்றிய வண்டி நின்றது. புதுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரியின் கணக்குப்பிள்ளை படியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா எங்கே?"

"உள்ள படுத்திருக்காக. எந்திரிக்க மாட்டேங்கிறாக" என்றார் அவர், அலுத்துப்போய்.

உள்ளே போனேன். புது வெள்ளையில் கூடம் பளிச்சென்று இருந்தது. நடுவில், வெறும் தரையில் பேச்சியம்மாள் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா ஆத்தா. நீயும் படு" என்றார்.

படுத்தேன். விட்டம் நேராக இருந்தது. இரண்டு தழும்புகளும் அப்படியே இருந்தன. ஜன்னல் பக்கத்துத் தழும்பில் தங்கமணியின் கயிறு தொங்கியது.

"அந்த ஆளு குடுக்கிற துட்டுல நான் இருக்கிற வீட்டு மச்சையும் போட்டுரலாம்" என்றார் பேச்சியம்மாள். "அதுவும் ஒழுகத்தான் செய்யுது. அதான் காலையிலருந்து படுத்து யோசிச்சுக்கிட்டுக் கிடக்கேன். எங்கிட்டுப் பாத்தாலும் இந்தக் கயிறுதான் கண்ணுக்குள்ள நிக்குது."

சட்டம் தெரிந்தவள் நான், உத்தரவை நினைவுபடுத்தியிருக்கலாம். அந்த இடத்தில் அது தேவைப்படவில்லை.

அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏப்பா, அந்தப் பூட்ட எடுத்துக்கிட்டுப் போ. வீடு காலியில்ல."

பிறகு நிமிர்ந்து ஜன்னல் பக்கத்துத் தழும்பைப் பார்த்தார்.

"குரங்கணிக்கு ஜீப்பு போச்சுன்னா தங்கமணிட்ட ஒரு வார்த்த சொல்லி விடு ஆத்தா. இந்தக் கயிறு இத்துப்போச்சு, புள்ள பாரம் தாங்காது. வர்றப்ப புதுக்கயிறா ஒண்ணு கொண்டாரச் சொல்லு."

சொல்லிவிட ஆள் தேடவில்லை நான். மத்தியான ஜீப்பில் நானே ஏறிக்கொண்டேன்.